எங்கள் காருக்குப் பத்து வயது

சைன்ஷந்த்,
இலையுதிர் காலத்து நடு மாதம்.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி லுவ்சான் அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் மருமகள் நோமினைப் பெற்றவனும், ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவனுமான தம்தின் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் மனைவி செவெல்மாவும் சுகம். உங்கள் மந்தை கொழுத்திருக்கிறதா, குளிருக்குத் தீவனம் சேர்ந்துவிட்டதா என்று முறைப்படி விசாரிக்க வேண்டும். உலான்பாதரில் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கும் உங்களுக்கு மந்தை ஏது? ஆகையால் வழக்கம்போல உங்கள் கார் சுகமா என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த முறை நீங்களும் பதிலுக்கு என் கார் சுகமா என்று கேட்கலாம். சரியாகத்தான் படித்தீர்கள் சம்பந்தி. என் கார்.

நம் பிள்ளைகளின் கல்யாணத்தன்று நானும் செவெல்மாவும் ஸ்டேஷனிலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்து இறங்கியபோது, வாசலில் நின்றபடி நீங்கள், "அடடே, சம்பந்தி பஸ்லயா வந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நம்ம வண்டியை அனுப்பியிருப்பேனே!" என்றீர்கள். தெருவுக்கே கேட்டது. பிறகு எங்களை உங்கள் கார் பக்கம் கூட்டிப்போய், நம்பர் மூன்று, மூன்று என்று முடிவதைத் தொட்டுக் காட்டி, இந்த நம்பருக்கு யார் யாரையெல்லாம் பிடித்தீர்கள் என்று சொன்னீர்கள். நோமின் இன்றைக்கும், "மாமா நல்ல மனசோட கேட்டதுப்பா" என்கிறாள். நல்ல மனசோடு கேட்டதுதான் சம்பந்தி இத்தனை வருஷமாக உறுத்துகிறது, கெட்ட மனசோடு கேட்டிருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

வருகிற புதன்கிழமை உங்கள் வீட்டில் நம் பேத்தி அனுஜினுக்கு முதல் முடி எடுக்கிறோம். பெண் குழந்தைக்கு இரட்டைப்படை வயதில்தான் எடுக்க வேண்டும். "அவளுக்கு இன்னும் மூணே முடியலை சம்பந்தி, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று நீங்கள் போனில் சொன்னபோது நான் விட்டேனா? நம் கணக்குப்படி தாய் வயிற்றில் இருந்ததும் ஒரு வயசு, புத்தாண்டுக்கு வெள்ளை மாதப் பண்டிகை வந்தால் இன்னொரு வயசு, ஆக அனுஜினுக்கு நாலு என்று நான் அடித்துச் சொன்னேன், நீங்களும் பெருமூச்சு விட்டு ஒப்புக்கொண்டீர்கள், லாமாவிடம் நாளும் குறித்தீர்கள். அதே மூச்சில், "குழந்தையை நம்ம பிள்ளைங்க வீட்டுல இருந்து நம்ம வண்டியில அழைச்சிட்டு வந்துடறேன்" என்றும் சொன்னீர்கள். அப்போதுதான் நான் முடிவு கட்டினேன். என் பேத்தி முதல் முடி எடுக்கத் தன் தாய்வழித் தாத்தாவின் சொந்தக் காரில்தான் வந்து இறங்குவாள்.

ஜப்பானில் மீன் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற என் தங்கை மகன் தெமுலெனுக்குப் போன் போட்டேன். அவன் ஒரு வெள்ளைக் காரைப் பிடித்துப் போட்டோ அனுப்பினான். "மாமா, ஒரு டாக்டரம்மா ஓட்டின வண்டி. ஆஸ்பத்திரி விட்டா வீடு, வீடு விட்டா ஆஸ்பத்திரி. பாதி பெட்ரோல், பாதி கரண்ட்டு, ஓடறதே தெரியாது" என்றான். கார் கப்பலேறிச் சீனாவுக்கு வந்து, அங்கிருந்து ரயிலேறி எல்லையில் சாமின்-ஊத் வந்து சேர்ந்தது. கவனியுங்கள், என் கார்கூட ரயிலில்தான் வந்தது. நானும் செவெல்மாவும் வெள்ளிக் கிண்ணத்தில் பாலும் ஒரு நீலப் பட்டும் எடுத்துக்கொண்டு, பெண் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி உடுத்திக்கொண்டு கிளம்பினோம்.

சுங்கத்தில் ஓயுங்கெரெல் என்று ஒரு அதிகாரியம்மா. மரியாதை தெரிந்தவள், உட்கார வைத்தாள். அப்புறம் பாருங்கள் சம்பந்தி, ஒரு காரை நாட்டுக்குள் கொண்டுவர இவ்வளவு இருக்கிறதென்று எனக்கு யாருமே சொல்லவில்லை, சுங்க வரி தனியாம், அதன்மேல் இன்னொரு வரியாம், அப்புறம் எஞ்சின் எவ்வளவு பெரிசு, வண்டிக்கு எவ்வளவு வயசு என்று பார்த்து வேறொரு வரியாம், அது வயசு ஏற ஏற ஏறுமாம், பத்தைத் தொட்டால் ஒரே குதியாகக் குதிக்குமாம், இதெல்லாம் போதாதென்று காற்றைக் கெடுப்பதற்கு ஒரு கட்டணமாம். பந்தயக் குதிரைகளை வயசுவாரியாகப் பிரித்து ஓட விடுவோமே, அந்த மாதிரி கார்களையும் வயசுவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்துத்தான் இருந்தது.

அவள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "வண்டிக்கு ஒன்பது வயசு, இல்லையாய்யா?" என்றாள்.

"ஆமா" என்றாள் செவெல்மா.

"இல்லை, பத்து" என்றேன் நான்.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். செவெல்மா மேஜைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். "ஏங்க, அவங்கதான் ஒன்பதுன்னு சொல்றாங்கல்ல, வாயை மூடிட்டு சும்மா இருங்களேன்" என்று பல்லைக் கடித்தாள். நானும் சும்மா இருக்கத்தான் பார்த்தேன் சம்பந்தி. ஆனால் அந்த நிமிஷம் உங்கள் முகம் கண் முன்னால் வந்து நின்றது. பேத்திக்கு வயிற்றில் இருந்த வருஷத்தைச் சேர்த்து நாலு என்று உங்களிடம் வாதாடிவிட்டு, காருக்கு வந்தவுடன் அந்த வருஷத்தை விழுங்கினால் நான் என்ன மனுஷன்? வரிக்குப் பயந்து நாக்கைப் புரட்டியவன் எந்த முகத்தோடு குழந்தை தலையில் கத்தரி வைப்பான்?

"அம்மா, கம்பெனி வயித்துல இருந்த காலத்தையும் சேர்க்கணும். நம்ம வழக்கம் அதுதான். எழுதிக்கோங்க, பத்து" என்றேன்.

"ஐயா, நான் இந்த நாற்காலியில உட்கார்ந்ததுல இருந்து வண்டி வயசைக் குறைச்சுச் சொல்றவங்களைத்தான் பார்த்திருக்கேன். ஏத்திச் சொல்ற ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்றாள்.

"நல்லாப் பார்த்துக்கோங்கம்மா" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் கடமைக்காரி, சந்தேகம் வந்துவிட்டது. வண்டியின் அடிச்சட்டத்தில் வெட்டியிருந்த நம்பரைப் பார்த்து வரச் சொல்லி ஆள் அனுப்பினாள், கம்ப்யூட்டரில் தட்டினாள். அப்புறம் என்னையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஐயா, இந்தக் காகிதத்துல இருக்கறது முதல்முதலா ரோட்டுக்கு வந்த தேதி. வண்டியைச் செஞ்சது அதுக்கு முந்தின வருஷம். விற்காம கம்பெனியிலயே கிடந்திருக்கு. நீங்க சொன்னது சரி, பத்துதான்!"

சம்பந்தி, ஜப்பான்காரன் கம்ப்யூட்டர் நம் முன்னோர் கணக்கை ஒப்புக்கொண்டுவிட்டது. நான் எழுந்து நின்றே விட்டேன். பக்கத்து மேஜைக்காரர்கூட வந்து கை குலுக்கினார். செவெல்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வரி குதித்துவிட்டது, அவளுக்கு அது ஒன்றுதான் தெரிந்தது. பாதி கரண்ட்டில் ஓடுகிற வண்டிக்குச் சலுகை உண்டு என்று அதிகாரியம்மா சொன்னதும் நான், "சலுகையெல்லாம் வேண்டாம், நாங்க முழுசாவே..." என்று ஆரம்பித்தேன், இவள், "குடுங்கம்மா, அவர் கெடக்கறார்" என்று குறுக்கே விழுந்து வாங்கிக்கொண்டாள்.

அடுத்தது புகைக் கட்டணம். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நம் மண்ணில் ஒரு சக்கரம்கூட இன்னும் உருளாத வண்டி எந்தக் காற்றைக் கெடுத்தது? "வாங்கம்மா, நீங்களே மோந்து பாருங்க" என்று அவளை வெளியே கூட்டிப்போனேன். செவெல்மாவின் வெள்ளைத் தலைத்துணியை உருவி (அவள் தடுப்பதற்குள்) புகைக்குழாய் வாயில் வைத்து, அங்கிருந்த ஆளை எஞ்சினைக் கிளப்பச் சொன்னேன். துணியை எடுத்துப் பார்த்தால் லேசாக ஒரு சாம்பல் வட்டம். கறுப்பு இல்லை சம்பந்தி, சாம்பல், அதுவும் புறாக்குஞ்சு நிறத்தில் அழகான சாம்பல். அதிகாரியம்மா, "உங்க வீட்டு நிலக்கரி அடுப்போட பார்த்தா இது ஒண்ணுமே இல்லய்யா. ஆனா அடுப்பு இந்தக் கேட் வழியா வர்றதில்லை, வண்டிதான் வருது" என்றாள். நியாயமான பேச்சு, கட்டினேன். புகை வராத புது அடுப்பு வாங்க வேண்டுமென்று செவெல்மா இரண்டு குளிர்காலமாகச் சேர்த்து வைத்திருந்த பணம் இந்தப் புகைக்குப் போய்விட்டது. இந்தக் குளிருக்கும் பழைய அடுப்பு முன்னால்தான் அவள் இருமப் போகிறாள். அதை நினைத்தால் எனக்கு நிஜமாகவே வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் நாட்டுக்கு ஒரு காசு பாக்கி இல்லாமல் வெளியே வந்தோம். நாலு சக்கரத்துக்கும் பால் தெளித்தோம். செவெல்மா கோபத்தில் கொஞ்சம் வேகமாகத் தெளித்ததில் கண்ணாடி முழுக்கப் பால், வைப்பரைத் தேடிய நான் முதலில் ரேடியோவைப் போட்டேன், அப்புறம் சீட்டைச் சாய்த்தேன், மூன்றாவதாகத்தான் வைப்பர் கிடைத்தது. ஆயுசெல்லாம் எஞ்சின் ஓட்டியவன் நான், எனக்கு நிறுத்தத் தெரியும், கிளப்பத் தெரியும், திருப்புகிற வேலையைத் தண்டவாளம் பார்த்துக்கொண்டது. கார் அப்படி இல்லையே. ஒவ்வொரு வளைவுக்கும் நாமே பொறுப்பு. வழியெல்லாம் வண்டிக்குள்ளிருந்து ஒரு ஜப்பான் பெண் குரல் பேசிக்கொண்டே வந்தது, செவெல்மாவும் விடாமல், "சரிம்மா, நல்லதும்மா, நீயும் கொஞ்சம் ஓய்வெடு" என்று பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். என்னிடம் மட்டும் பேசவில்லை.

நம்பர் எழுதிக்கொள்ளும் ஆபீசில் எட்டில் முடிகிற நம்பர்தான் வேண்டுமென்று கேட்டு வாங்கினேன், நான் ஓட்டிய ரயில் எஞ்சினின் நம்பரும் எட்டில்தான் முடியும். அங்கே இருந்த பெண், "எட்டா? நீங்க உலான்பாதர் போறதுண்டா ஐயா?" என்று இழுத்தாள். இவளும் என்னைப் பட்டிக்காட்டான் என்று நினைத்துவிட்டாளே என்று, "போவேன், புதன்கிழமையே போறேன், என் பேத்தியை இதுலதான் ஏத்திக்கிட்டுப் போறேன்!" என்றேன். அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் நிற்கவில்லை.

ஆகவே சம்பந்தி, புதன்கிழமை காலை உங்கள் கார் ஓய்வெடுக்கட்டும். அனுஜினை நான் அழைத்து வருகிறேன். நீங்கள் வாசலில் நில்லுங்கள், அன்றைக்கு நின்ற அதே இடத்தில். அன்றைக்கு வந்த கூட்டமும் இருந்தால் நல்லது.

உங்கள் வீட்டு அடுப்பில் அனல் குறையாமலும், உங்கள் வாசலில் விருந்து குறையாமலும், நம் குழந்தையின் புது முடி அடர்ந்து நீண்டும் வளர வானம் அருளட்டும்.

இப்படிக்கு,
கார் உரிமையாளர்,
தம்தின்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது நோமின் போன் செய்தாள். உலான்பாதருக்குள் ஒவ்வொரு கிழமைக்கும் சில நம்பர் வண்டிகளை ஓட்டக்கூடாதாமே, புதன்கிழமை எட்டில் முடிகிறது ஓடக்கூடாதாமே! ஆபீஸ் பெண் சொல்ல வந்தது இதுதான் போல. சரி, தலை குனிந்தாவது உங்கள் வண்டியை அனுப்பச் சொல்லலாம் என்று பார்த்தால், புதன்கிழமை மூன்றில் முடிகிறதும் ஓடக்கூடாதாம், நீங்களும் கிழமையை மறந்துதான் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். லாமா பார்த்த நாளை மாற்ற முடியாது. குழந்தையிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, "அனுஜின், தாத்தா கார்ல கூட்டிப்போக முடியாது போல இருக்கும்மா, பஸ்லதான்" என்றேன். அவள் வீடு அதிரக் கத்தினாள், "பஸ்ஸா! நிஜ பஸ்ஸா!" உங்கள் காரிலேயே வளர்ந்த குழந்தை, பஸ்ஸில் ஏறியதே இல்லையாம். ரெண்டு தாத்தாவும் வரணுமாம், ஆளுக்கொரு பக்கம் உட்காரணுமாம். எனவே புதன்கிழமை காலை நோமின் வீட்டுப் பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிடுங்கள் சம்பந்தி. ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லிவிட்டேன். ஊர் எல்லையில் காரை நிறுத்திவிட்டு வந்தாலும் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்காருவேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.