மாடி அறை காலியாக இருக்கிறதாமே

செவ்வாய்க்கிழமை
கோர்ட் வராந்தா, ஆடாத ஒரே பெஞ்ச்

கண்டிப்புக்கும் கனிவுக்கும் பேர்போன மாமா அவர்களின் சமூகத்துக்கு மருமகள் பணிவோடு எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம் என்று எழுதினால் நீங்கள் நம்பப்போவதில்லை, அதனால் நேராக உங்கள் சுகத்துக்கு வந்துவிடுகிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தைக்குக் கண் ஆபரேஷன் செய்த இடம் ஆறிவிட்டதா? மாடி அறைக்கு யாராவது குடிவந்தார்களா, இல்லை இன்னும் காலியாகத்தான் கிடக்கிறதா? மூன்று கேள்விக்கும் பதில் தேவை என்றாலும் மூன்றாவதற்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேவை.

போன தடவை வந்திருந்தபோது பக்கத்து வீட்டுக்காரரிடம் என்னை "இவதான் எங்க ஓசி வக்கீல்" என்று அறிமுகப்படுத்தினீர்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் என் கட்சிக்காரர்கள் அந்த மரியாதைகூடத் தருவதில்லை. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு அரசாங்கமே ஒரு வக்கீலைத் தருகிறது, அந்த வக்கீல் நான் என்று ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்லி முடித்ததும் அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, நிஜ வக்கீல் எப்ப வருவாரு?" என்கிறார்கள். என் கையில் இப்போது நூற்று முப்பத்தெட்டு வழக்கு. ஆறு பேருக்கு ஓர் அறை, அறைக்கு இரண்டு ஜன்னல், அதில் ஒன்று சுவரைப் பார்த்தது. என் மேஜையின் நாலாவது காலுக்குப் பதிலாகச் சட்டப் புத்தகத்தின் ஏழாம் தொகுதி நிற்கிறது. ஏழாம் தொகுதியில் இருக்கிற சட்டம் எதுவும் யாருக்கும் தேவைப்படாமல் இருக்க வேண்டும் என்று ஆறு பேரும் வேண்டிக்கொள்கிறோம். ஆனால் நான் எழுத வந்தது என் கஷ்டத்தை இல்லை, சாவிக்காரர் கஷ்டத்தை.

சாவிக்காரர் என்றால் பூட்டு ரிப்பேர் செய்கிறவர், ஐம்பது வயசு, தனிக்கட்டை. அவர் மேல் இருக்கிற வழக்கு வீடு புகுந்து திருடினது. நடந்தது என்னவென்றால், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒரு ஆள் கடைக்கு வந்து, வீட்டுச் சாவி தொலைஞ்சுபோச்சு, வந்து திறந்து புதுப் பூட்டுப் போட்டுக் கொடுங்க என்று கூப்பிட்டிருக்கிறான். இவரும் போய்த் திறந்திருக்கிறார். அந்த ஆள் உள்ளே போய் டிவி, மிக்சி, இரண்டு பெட்டி எல்லாவற்றையும் வேனில் ஏற்றிவிட்டு, "இதையெல்லாம் ரிப்பேருக்குக் கொடுத்துட்டு வந்துடறேன், நீங்க வேலையை முடிங்க" என்று போய்விட்டான். மிக்சி, டிவி சரி, இரண்டு பெட்டிக்கு என்ன ரிப்பேர் என்று ஒரு மனுஷனுக்குத் தோன்ற வேண்டாமா? இவர் குனிந்த தலை நிமிராமல் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து நிஜமான வீட்டுக்காரர் வந்துவிட்டார். வந்தவரை நம்ம ஆள் வாசலிலேயே மறித்து, "யாரு சார் நீங்க? வீட்டுக்காரர் வெளியே போயிருக்காரு, அவரு வராம யாரையும் உள்ள விடமாட்டேன்" என்று இருபது நிமிஷம் அவர் வீட்டுக்குள் அவரையே விடாமல் காவல் காத்திருக்கிறார். போலீசுக்குப் போன் போட்டது யார் தெரியுமா? வீட்டுக்காரர் இல்லை மாமா, சாவிக்காரர்! "இங்க ஒருத்தர் அத்துமீறி நுழையப் பார்க்கறாரு, சீக்கிரம் வாங்க" என்று தன்னைப் பிடிக்கத் தானே ஆள் வரவழைத்த திருடன் இவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

இவ்வளவு சுலபமான வழக்கு என் கைக்கு வந்ததே இல்லை, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகூட ஜெயித்துவிடும் என்று நினைத்துத்தான் நேற்று கோர்ட்டுக்குப் போனேன். போனால், வழக்குக் கட்டும் சாட்சிப் பொருளும் இருக்கிற பீரோ பூட்டியிருக்கிறது, சாவி வைத்திருக்கிற குமாஸ்தா லீவில் போயிருக்கிறார், சாவியும் அவரோடு லீவில் போயிருக்கிறது. இது மூன்றாவது தடவை. எதிர்த்தரப்பில் வாதாடுகிற அரசு வக்கீல் கூசாமல் எழுந்து வாய்தா கேட்டார், அடுத்த தேதி நாலு மாதம் கழித்து. எனக்கு வந்த கோபத்தில், யோசிக்காமல், மாமா, சத்தியமாக ஒரு நொடிகூட யோசிக்காமல், எழுந்து நின்று கம்பீரமாகச் சொன்னேன்: "வாய்தா தேவையில்லை. அனுமதி கொடுத்தால் என் கட்சிக்காரரே பீரோவைத் திறந்துவிடுவார்."

நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கும் வாய்தா சலித்துப்போயிருக்க வேண்டும், தலையை ஆட்டிவிட்டார். சாவிக்காரர் கூண்டிலிருந்து இறங்கி வந்து, "அம்மா, ஒரு ஹேர்பின் இருக்குமா?" என்றார். என் தலையிலிருந்து நானேதான் எடுத்துக் கொடுத்தேன். அவர் பீரோவிடம் குனிந்தார், எழுந்தார், கதவு திறந்துகொண்டது. திரும்பி வந்து ஹேர்பின்னைத் துடைத்துக் கொடுத்துவிட்டு என் காதில், "பன்னெண்டு செகண்டு ஆயிடுச்சும்மா, மன்னிச்சுக்குங்க, உள்ள துரு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அரசு வக்கீல் மெதுவாக எழுந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அரசுத் தரப்பு சாட்சியம் இத்தோடு முடிந்தது" என்று சொல்லி உட்கார்ந்தபோதுதான் நான் என்ன காரியம் செய்திருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜாமீனில் இருக்கிற இவரை வழக்கு முடிகிற வரைக்கும் இனி வெளியே விடக்கூடாது, ஜெயிலில் வையுங்கள் என்று அரசு வக்கீல் ஒற்றைக் காலில் நின்றார். நீதிபதியம்மா, "எந்தப் பூட்டை நம்பி வைக்கச் சொல்றீங்க?" என்று கேட்டதற்கு எல்லாரும் சிரித்தார்கள், நான் உள்பட. ஆனால் சிரித்து முடித்துவிட்டு அவர் போட்ட உத்தரவு சிரிப்பு இல்லை. போலீஸ் வந்து போனதிலிருந்து சாவிக்காரரை அவர் தங்கியிருந்த லாட்ஜில் சேர்க்கவில்லை, இப்போது கடையிலேயே படுக்கிறார். அதனால் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மதிப்பான ஒரு குடும்பஸ்தர் தன் வீட்டில் இவருக்கு இடம் கொடுத்து, கண்காணிப்பு அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் நேரே ஜெயில், வழக்கு முடிகிற வரைக்கும். வக்கீல் தன் கட்சிக்காரருக்கு இடம் கொடுக்க விதி இல்லை. விதி இருந்தாலும் நான் இருப்பது பெண்கள் ஹாஸ்டலில், அங்கே வார்டன் என்னையே சந்தேகமாகத்தான் பார்க்கிறார்.

மாமா, அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லாத்தான் பேசினீங்கம்மா" என்றார். அப்புறம், "அடி, சாப்பாடு எல்லாம் பரவாயில்லம்மா. உள்ள எல்லாக் கதவையும் வேற யாரோ பூட்டுவாங்க, வேற யாரோ திறப்பாங்க. நான் சும்மா பாத்துக்கிட்டு இருக்கணும்ல, அதை நெனச்சாத்தான்..." என்று நிறுத்திக்கொண்டார். அவர் செய்தது ஒன்றுமே இல்லை, எல்லாம் என் வாயால் வந்தது. எனக்கு ரொம்ப வெட்கமாக இருக்கிறது. நேற்று ராத்திரி தூங்கவில்லை.

ஆகவேதான் மாடி அறையைப் பற்றிக் கேட்டேன். இது ஒரு யோசனைதான், கட்டாயம் எதுவும் இல்லை. இன்று செவ்வாய்தானே, நிறைய நாள் இருக்கிறது. அத்தையோடு நிதானமாகக் கலந்து பேசுங்கள். முடியாது என்று தோன்றினால் தாராளமாக முடியாது என்று எழுதலாம், உங்கள் மருமகள் மனம் கோணமாட்டாள். உங்கள் பேரை நான் இதுவரைக்கும் யாரிடமும் மூச்சுக்கூட விடவில்லை. உங்கள் பதில் கைக்கு வந்த பிறகுதான் நீதிபதியிடம் வாயைத் திறப்பேன்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் இருவரின் உடம்பும் திடமாக, மனசு அதைவிடத் திடமாக இருக்க என் பிரார்த்தனைகள். பெரியவர்களின் ஆசி எனக்கு வேண்டும், இந்த வாரம் சற்றுத் தாராளமாகவே வேண்டும்.

இப்படிக்கு
உங்கள் ஓசி வக்கீல்

பின்குறிப்பு: இன்று வெள்ளிக்கிழமை, மணி மூன்றரை. மேலே எழுதியதில் கடைசிப் பகுதியை அடித்துவிட்டுப் படிக்கவும். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட தைரியம் வராமல் மூன்று நாளாகப் பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். உங்கள் பேரையும் விலாசத்தையும் நான் நீதிபதியம்மாவிடம் திங்கட்கிழமையே கொடுத்தாகிவிட்டது. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், நாலாயிரம் பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவர் என்று சொன்னதும் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. "அவர் சம்மதிச்சாரா?" என்று கேட்டார். "இதுவரைக்கும் மறுக்கவில்லை" என்றேன். கேட்கவே கேட்காத கேள்விக்கு யாரும் மறுப்புச் சொல்லமாட்டார்கள் இல்லையா மாமா? நான் உங்கள் தெருமுனை மருந்துக்கடை வாசலில் நிற்கிறேன். நீதிபதி முன்னால் நிற்கிற தைரியம் உங்கள் முன்னால் நிற்க வரவில்லை. கண்காணிப்பு அதிகாரி சரியாக நாலரை மணிக்கு உங்கள் வீட்டுக்கு வருவார். இந்தக் கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டது சாவிக்காரர்தான். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிற இந்த நிமிஷம் அவர் கதவுக்கு அந்தப் பக்கம், நான் சொல்லி அனுப்பியபடி இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறார். முழங்கால் வலியோடு உங்களை எழுந்து வரச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும், ஆனால் தயவுசெய்து கதவை நீங்களே வந்து திறங்கள். அவரே திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டால் அது இன்னொரு வழக்கு. அதற்கும் என்னைத்தான் போடுவார்கள்.