சென்றாயன் மாமா காட்டிய ‘ஆர்’

பறக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டால் செய்ய வேண்டியவை எட்டு. எனக்கு அவை மனப்பாடம். குளிக்கும்போது சொல்லிப் பார்ப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கேட்காவிட்டாலும் சொல்வேன். எட்டில் ஒன்றை வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் விட்டேன். அன்றைக்குப் பார்த்து நான் வானத்தில் இருந்தேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. அப்பாவுக்குத் தேனி கடைவீதியில் இரும்புக் கடை. குழாய், வால்வு, பம்புசெட் சாமான்கள். நான் கடையில் உட்காராமல் மதுரையில் ஒரு பறக்கும் கிளப்பில் சேர்ந்து, நாலு பேர் உட்காரும் சின்ன விமானத்தை ஓட்ட லைசென்ஸ் வாங்கியிருந்தேன். (அதைக் காட்டினால் கத்திரிக்காய்கூடக் கிடைக்காது என்பது அம்மாவின் கருத்து.)

அனுமந்தன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த சென்றாயன் மாமா, எங்கள் கடைக்குப் பைப் வாங்க வந்து பழக்கமானவர். தன் மகள் சரோஜாவை எனக்குக் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். நான் சரோஜாவை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். கட்டினால் அவளைத்தான் என்று முடிவு செய்ய அது போதுமானதாக இருந்தது. மாமாவுக்குப் போதவில்லை.

“தரையில ஓட்டுறவுகன்னா விசாரிச்சுட்டுப் பொண்ணு குடுத்துருவேன். இது ஆகாசத்துல ஓடுறது. ஒரு நட உங்ககூட உக்காந்து பாத்துட்டுச் சொல்றேன்” என்றார்.

மதுரை விமானத் திடலுக்கு அவர் தன் புல்லட்டில் வந்து இறங்கினார். உலகத்தில் உள்ள எல்லா எந்திரங்களும் அவருக்கு அந்த புல்லட்டின் தூரத்துச் சொந்தங்கள். விமானத்தின் டயரை ஒரு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு ஏறினார். வழியெல்லாம் நான் எட்டையும் அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

தோட்டத்துக்கு மேலே மூன்று சுற்று, அப்புறம் மதுரை. அதுதான் திட்டம். ஆனால் மாமா வீட்டு மொட்டை மாடியில் சொந்தக்காரர்களுக்கு நடுவே ஒரு மஞ்சள் தாவணி கையசைத்தது. மூன்று சுற்று ஒன்பதாயிற்று. பிறகு மதுரைக்குத் திரும்பக் கோம்பைப் பக்கமாக வளைத்தேன். எஞ்சின் இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை இருமக்கூடத் தெம்பில்லாமல் அடங்கிவிட்டது.

“என்ன மாப்ளே, சத்தத்தக் காணோம்?”

“ஒண்ணுமில்ல மாமா.” (வேறென்ன சொல்வது?)

ஒன்று, வேகத்தைக் காப்பாற்று. காப்பாற்றினேன். இரண்டு, இறங்க இடம் பார். வற்றிக் கிடந்த ஒரு கண்மாய் தெரிந்தது. மூன்று என்று நினைக்கும்போது மாமா சொன்னார்:

“ரிசர்வுல போடுங்க மாப்ளே.”

“மாமா, இது புல்லட் இல்ல!”

“தெரியுது. அந்தா, ரெண்டு சீட்டுக்கும் நடுவுல திருகு இருக்குல்ல? அங்கன ‘ஆர்’னு இங்கிலீஷ்ல போட்டிருக்கே. ஆர்னா ரிசர்வுதான?”

“ஏரோப்ளேன்ல ரிசர்வெல்லாம் கெடையாது! செத்த நேரம் சும்மா இருங்க!”

மாமா சும்மா இருந்தார். அடுத்தவர் வண்டியில் கை வைக்க மாட்டார், அவ்வளவு மரியாதைக்காரர். நான் நேராக நாலாவதுக்குப் போய்விட்டேன்.

கண்மாய்க்குள் இறங்கினோம். குதித்தோம், ஆடினோம், ஒரு கருவேலமரத்துக்கு நாலடி தள்ளி நின்றோம். ஆடுகள் நாலாபக்கமும் சிதறின. மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் கம்போடு வந்து, “ஏலே, ஆட்ட மெரட்டிப்புட்டு எங்கன வந்து எறக்கிருக்க?” என்று கேட்டார்.

 மாமா குனிந்து, எனக்குத் திருகை விரலால் காட்டினார். “இதத்தான் சொன்னேன்.”

பார்த்தேன். ஒரு பக்கம் ‘எல்’, மறுபக்கம் ‘ஆர்’. இடது சிறகில் ஒரு பெட்ரோல் டாங்கு, வலது சிறகில் ஒரு டாங்கு. இடதிலேயே ஓட்டி, மஞ்சள் தாவணிக்காக அதைச் சொட்டு விடாமல் காலி செய்திருந்தேன். வலது டாங்கு நிறைந்திருந்தது. திருகை அந்தப் பக்கம் திருப்புவதுதான் மூன்றாவது.

திருப்பினேன். எஞ்சின் உடனே கிளம்பியது. நல்ல எஞ்சின் ஒன்றின் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை.

மறுநாள் கிளப்பிலிருந்து வந்தவர்கள் சோதித்துவிட்டு, பழுது ஒன்றும் இல்லை என்று எழுதி, விமானத்தை அவர்களே ஓட்டிக்கொண்டு போனார்கள். “ஊருக்கெல்லாம் வால்வு விக்கிறேன், எம்மகனுக்கு ஒண்ணத் திருகத் தெரியல” என்று அப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஆனால் கண்மாயில் இறங்கிய அன்று சாயங்காலம் அனுமந்தன்பட்டி வீட்டில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேனே, அதுதான் கொடுமை. உயிர் பிழைத்தது பெரிதாகவே தெரியவில்லை. சரோஜா போச்சே என்றுதான் இருந்தது. சொந்தக்காரர்கள் மாமாவின் வாயையே பார்த்தார்கள். அவர் காப்பியைக் குடித்து முடித்தார்.

“நின்ன வண்டிய, ஒரு ஆட்டுமேல படாம எறக்கிட்டாக. கை நல்ல கை. காதுதான் கேக்கல. அத சரோஜா பாத்துக்கிருவா” என்றார்.

கதவுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்றும் வீட்டில் தினம் கேட்கிறேன்.

கல்யாணத்தில் மாமா எனக்கு மோதிரம் போட்டார். “மாப்பிள்ள பேரு கந்தவேல்னுல்ல சொன்னீக?” என்று ஆசாரி இரண்டு தடவை கேட்டாராம். மாமா அசையவில்லை. மோதிரத்தில் பெரிதாக ஆங்கில ‘ஆர்’.

புதிதாகப் பார்க்கிறவர்கள், அது யார் பெயர் என்று சந்தேகமாகக் கேட்பார்கள். சரோஜா முந்திக்கொள்வாள். “பேரில்லங்க. எங்கப்பா சொன்னாக, இவுக கேக்கல. அந்த எழுத்து.”

இப்போதெல்லாம் அவள் எது சொன்னாலும் முதல் தடவையிலேயே கேட்டுவிடுகிறேன். எப்போதாவது தவறினால் அவள் சத்தம் போடுவதில்லை. பக்கத்தில் வந்து, என் விரலைப் பிடித்து, மோதிரத்தை அரைச் சுற்றுத் திருப்புகிறாள்.