இரண்டு கம்பெனி, ஒரே அலமாரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தையற்கடையிலிருந்து மாமனார் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் பேரனும் சௌக்கியமாக இருந்தால் சந்தோஷம். இல்லையென்றாலும் முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

முப்பது வருடமாக நான் எடுத்த அளவுகள்தான் என் மொத்தச் சொத்து. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னீர்கள், நீங்களே உட்கார்ந்து ஏற்றியும் கொடுத்தீர்கள். "ஒரே சர்வர்ல வெக்காதீங்க மாமா, அது படுத்துட்டா கடையும் படுத்துடும். வேற வேற ரெண்டு கம்பெனில வைங்க" என்றீர்கள். ஒன்று கொள்ளை மலிவு, இன்னொன்று அதைப்போல மூன்று மடங்கு. அதே அளவுகள், அதே கடை, எதற்கு மூன்று மடங்கு? அன்றைக்கே எனக்கு எங்கேயோ இடித்தது.

போன வாரம் மலிவுக் கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண்ணுக்கு ஜலதோஷம், இரண்டு வார்த்தைக்கு ஒரு தும்மல். அடுத்த நிமிடம் மூன்று மடங்குக் கம்பெனிக்குப் போட்டால் அதே தும்மல்! விடுவேனா, நேரிலேயே போய்விட்டேன். ஒரே மாடி, ஒரே கதவு, இரண்டு போர்டு. உள்ளே ஒரே அலமாரி. கீழ்த்தட்டு ஒரு கம்பெனி, மேல்தட்டு ஒரு கம்பெனி, இரண்டுக்கும் சேர்த்து ஒரே பிளக். "மூணு மடங்கு எதுக்கும்மா?" என்று கேட்டேன். "மேல்தட்டுல காத்து நல்லா வரும் சார்" என்கிறாள்.

இவர்கள் என் அளவுகளை எதிர்க்கடைக்காரனுக்கு விற்றாலும் விற்பார்கள் என்று, இரண்டு தட்டிலும் என் கண்ணெதிரே அழிக்கச் சொன்னேன். "நிச்சயமா சார்?" என்று மூன்று தடவை கேட்டாள். அதன்மேல் அவ்வளவு ஆசை! "அழிம்மா" என்றேன்.

இப்போது உங்கள் விஷயம். ஏற்றும்போதே யாருக்கும் தெரியாமல் ஒரு பிரதி எடுத்து வைத்திருப்பீர்கள் என்று எனக்குப் படுகிறது. தப்பாக நினைக்காதீர்கள், மாப்பிள்ளையானாலும் சந்தேகம் சந்தேகம்தான். இருந்தால் இன்றே அழித்துவிட்டு, அழித்தேன் என்று கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

பேரனுக்கு முத்தம். மகளுக்கு ஆசிகள். உங்களுக்கு, பதிலைப் பார்த்தபின்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் அத்தை வந்து, பாடகர் குழுவுக்கு நாளைக்கு நாற்பது கோட்டு வெட்ட வேண்டுமே, அளவு எங்கே என்கிறாள். பழைய நோட்டுகளையெல்லாம் பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டதும் நான்தான். எதையும் அழித்துவிடாதீர்கள். நீங்கள் திருடித்தான் வைத்திருப்பீர்கள் என்று உங்களை முழுதாக நம்பியிருக்கிறேன், மாப்பிள்ளை.