பிரேசில் அப்பளம்

தட்டையாக, வெள்ளையாக, மெல்லியதாக எது கண்ணில் பட்டாலும் பொரித்துப் பார்க்கிற குணம் எங்கள் வீட்டுக்கு உண்டு. (எனக்குக் கொஞ்சம் கூடுதல்.)

மார்த்தா என் ஆபீஸில் சேர்ந்த பிரேசில்காரி. அவளுடைய முன்னோர்கள் போலந்திலிருந்து கப்பலேறிப் போய், பிரேசிலில் காட்டை வெட்டி ஒரு ஊரையே உண்டாக்கினார்களாம். அங்கே வீட்டுப் பேச்சு இன்றும் போலிஷ்தான். "நான் போலந்துக்குப் போனபோது, நூறு வருஷப் பழைய ஆள் மாதிரிப் பேசுகிறாய் என்று சிரித்தார்கள்" என்றாள். மலையாளம் கலந்த எங்கள் வலியசாலைத் தமிழோடு ஒரு காலத்தில் சென்னைக்குப் போன எனக்கும் அதே மரியாதைதான் கிடைத்தது. அன்றிலிருந்து அந்த ஊரைப் பற்றிக் கேட்டுக் கேட்டு அவள் பிராணனை வாங்கினேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டேன். அன்று அவர்களும் மாமிசம் தொடமாட்டார்களாம். (மீன் உண்டு என்பதை அம்மாவிடம் சொல்லவில்லை.) வந்ததும் ஒரு உறையை என் கையில் கொடுத்தாள்.

"அம்மா ஊரிலிருந்து அனுப்பினது. ஒன்றுதான் இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டும்" என்று சொல்லிவிட்டு, போனுக்கு சிக்னல் தேடி வாசலுக்குப் போனாள்.

உள்ளே வெள்ளை வெளேரென்று சதுரமாக ஒன்று. மேலே குழந்தையும் நட்சத்திரமும் அச்சு.

"இதென்னதுடீ?" என்றாள் அம்மா.

"அப்பளாம்தான் அம்மா. அச்செல்லாம் போட்டிருக்கா பாரு."

"பச்சையாவா குடுத்திருக்கா? பாவம், ஹாஸ்டல்ல சட்டி இருக்காது. நீ பொரிச்சுடு, கேட்டியா."

பொரித்தேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் குழந்தை, நட்சத்திரம் எல்லாம் கருகிச் சுருண்டுவிட்டன. அம்மா எண்ணெயைத் திட்டினாள்.

மார்த்தா போனோடு உள்ளே வந்தாள். திரையில் அவள் அம்மா. கையில் அதே வெள்ளைச் சதுரம், முழுசாக. அது அப்பளமே இல்லை, பொரிக்காமல் அப்படியே தின்கிற கோதுமை வில்லையாம். அங்கே காலை நேரம்தான் என்றாலும், அங்கே அம்மாவும் இங்கே மகளும் ஒரே நேரத்தில் உடைத்து, ஒருவரையொருவர் வாழ்த்திவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டுமாம். வீட்டை விட்டு வந்தபின் அவளுக்கு இது முதல் கிறிஸ்துமஸ். தட்டில் கிடந்த கரியைப் பார்த்ததும் அவள் கண் நிரம்பியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என் அம்மாதான் அசரவில்லை. சட்டென்று நம் அப்பளம் ஒன்றைப் பொரித்து அவள் கையில் கொடுத்தாள். "உடைக்கத்தானே வேணும்? இது நன்னா உடையும். சொல்லு அவகிட்ட."

சொன்னேன். மார்த்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டே உடைத்தாள். திரையில் அவள் அம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத் தன்னுடையதை உடைத்தாள்.

இப்போதும் எங்கள் வீட்டில் எது தீய்ந்தாலும் 'பிரேசிலாயிடுத்து' என்பார்கள். டிசம்பரில் அந்த ஊரிலிருந்து உறை வரும். அதன்மேல் வாணலி படம் வரைந்து, பெரிதாகப் பெருக்கல் குறி அடித்திருக்கும். பதிலுக்கு நாங்கள் எங்கள் ஊர்ச் சாலைக் கடைத்தெரு அப்பளம் ஒரு கட்டு அனுப்புகிறோம்.

போன வருஷம் அங்கே பள்ளிக்கூடத்தில், முன்னோர்கள் விட்டுப்போன பொருள் ஏதாவது கொண்டுவரச் சொன்னார்களாம். மார்த்தாவின் அக்கா மகள் நாங்கள் அனுப்பிய அப்பளத்தைப் பொரித்து எடுத்துக்கொண்டு போய், "எங்கள் கொள்ளுத்தாத்தா போலந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்தது" என்றாளாம். டீச்சர் நம்பியது மட்டுமல்ல, இன்னொரு துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.