ஓலையில் ஏறிய ஐ.பி.ஏ.

இயேசு மரி சூசை

அஸ்தம்பட்டி, சேலம்-7
வெள்ளிக்கிழமை காலை

பிரியமுள்ள மகன் ஜூட்டுக்கு உன் அப்பா சூசைமாணிக்கம் ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் அம்மாவும் ஆண்டவர் அருளால் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம், ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. அவ்விடம் மெல்போர்னில் உன் சுகத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லையென்றாலும், முறைக்கு விசாரித்ததாக வைத்துக்கொள். போனில் சொன்னால் நடுவிலேயே "சிக்னல் இல்லப்பா" என்பாய், வாட்ஸப்பில் போட்டால் கட்டைவிரலைக் காட்டுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். உன் அம்மா இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இன்றே அனுப்புவாள். அசல் கடிதம் பதிவுத் தபாலில் பின்னால் வரும், ஆதாரத்துக்காக.

நான் சேகோ ஆலையில் முப்பத்திரண்டு வருஷம் சரக்கின் தரம் பார்த்தவன். ஒரு கைப்பிடி ஜவ்வரிசியை வாயில் போட்டால் கிழங்கு எந்தப் பக்கத்துக் கிழங்கு என்று சொல்லிவிடுவேன். என் மகன் என்ன செய்கிறான் என்பதை மட்டும் என்னால் நாலு பேரிடம் சொல்ல முடிந்ததில்லை. சப்ளை செயின் என்றாய். அப்படியே சொன்னேன். "வெள்ளிச் செயினுங்களா, கவரிங்குங்களா?" என்று கேட்டார்கள். கொலுசு செய்கிற ஊரில் வேறென்ன கேட்பார்கள்? ஐந்து வருஷமாக ஞாயிறு பூசை முடிந்ததும் யார் கண்ணிலும் படாமல் பக்கத்து வாசல் வழியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன் என்பது உனக்குத் தெரியாது. தெரிந்து நீ என்ன செய்யப்போகிறாய், அது வேறு.

இப்படி இருக்கையில் பொங்கல் கழிந்த வாரம் உன் அம்மா அடுப்படியில் போனைப் புளி ஜாடியில் சாய்த்துவைத்துக்கொண்டு உன்னோடு பேசியது முன்னறையில் இருந்த என் காதில் விழுந்தது. நான் ஒட்டுக் கேட்கவில்லை, நீதான் கத்திப் பேசுகிறாய். "இந்த ஐ.பி.ஏ. ரெண்டு தடவையும் ஃபெயிலும்மா. மூணாவது தடவை ஜெயிக்காம விடமாட்டேன்" என்றாய். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐ.ஏ.எஸ். தெரியும், ஐ.பி.எஸ். தெரியும், இது வெளிநாட்டில் எழுதுகிற ஏதோ பெரிய பரீட்சை என்று நினைத்தேன். இரண்டு தடவை தோற்றும் பிள்ளை வெளியே சொல்லாமல் மறுபடியும் உட்கார்ந்து படிக்கிறானே என்று மாதா படத்துக்கு முன்னால் நின்று நன்றி சொன்னேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் உனக்குப் பதற்றமாகிவிடும் என்று விட்டுவிட்டேன். பெற்றவனின் பெருந்தன்மை அது.

அடுத்த வாரம் இன்னொன்று காதில் விழுந்தது. "சித்ரா இல்லாம ஐ.பி.ஏ. நடக்காதும்மா. சித்ராவும் மொசைக்கும் சேர்ந்தா போதும், வேற எதுவும் வேண்டாம்" என்றாய். யார் இந்தச் சித்ரா? கூடப் படிக்கிற பெண்ணா? எந்த ஊர்? எந்த வேதம்? மொசைக் தரை போட்ட வீடு வரைக்கும் பார்த்தாகிவிட்டதா? உன் அம்மாவோ கோபப்படாமல், "சித்ரா நல்லதுதான் சாமி, எப்ப சேக்கறங்கறதுதான் முக்கியம்" என்கிறாள்! பெற்ற தாய் பேசுகிற பேச்சா இது? அன்று முதல் ஒன்பது செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். அந்தப் பெண்ணுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. சித்ராவுக்கு அவங்க பக்கத்திலேயே நல்ல மாப்பிள்ளையாக அமைய வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

கையோடு உன் அத்தை அக்சிலியாவை அனுப்பிச் சங்ககிரியில் பெண் பார்க்கச் சொன்னேன். லாரி வைத்திருக்கும் ஆண்ட்ரூஸ் வீட்டில் நான்சி அமைந்தாள். இங்கே அஸ்தம்பட்டியிலேயே, நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். தங்கமான பெண். நீயும் வீடியோவில் பார்த்துப் பிடித்திருக்கிறது என்றாய். அந்தக் கால் மணி நேரமும் நாங்கள் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்திருந்ததால் நீங்கள் இரண்டு பேரும் அங்கே குளிர் எப்படி, இங்கே வெயில் எப்படி என்பதற்கு மேல் போகவில்லை. கோயிலில் கல்யாண ஓலை மூன்றும் வாசித்து முடிகிற வரைக்கும் போன் பேச்சு வேண்டாம் என்று நானும் ஆண்ட்ரூசும் முடிவு செய்தோம். ஒழுக்கம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? ஆண்ட்ரூசிடம், "பையன் வேலையோட வேலையா ஐ.பி.ஏ. முடிக்கப்போறானுங்க" என்று சொன்னேன். அந்த மனுஷன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஓ, ஐ.பி.ஏ.வுங்களா! எங்க பெரியப்பா பையன் ஒருத்தருங்கூட அதுதானுங்க" என்றார். அப்புறம் எனக்கு எப்படிச் சந்தேகம் வரும், நீயே சொல்.

போன மாதம் நீ கூப்பிட்டுக் குதித்தாய். "அம்மா, ஐ.பி.ஏ. ஜெயிச்சிருச்சு! ஃபர்ஸ்ட் பிரைஸ்! ஜட்ஜுங்க மூணு பேரும் வாசனையே வேற மாதிரி இருக்குன்னாங்க!" ஜட்ஜ் என்றதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். மூன்று நீதிபதிகள் முன்னால் நேர்முகத் தேர்வு போலிருக்கிறது, பையன் நல்ல சென்ட் போட்டுக்கொண்டு போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளே கோயிலுக்குப் போய், ஐ.பி.ஏ. தேர்வில் என் மகன் முதலிடம் பெற்றமைக்கு நன்றித் திருப்பலி எழுதிவைத்தேன். உபதேசியார், "ஐ.பி.எஸ்.ஸுங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். "அதெல்லாம் பழசுங்க, இது அதுக்கும் மேல" என்றேன். பூசை முடிந்து எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். ஐந்து வருஷத்துக்குப் பிறகு முன்வாசல் வழியாக வெளியே வந்தேன் ஜூட். கை கொடுத்தார்கள். பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம் வாங்கினார்கள். என்னிடம்!

போன ஞாயிறு முதல் ஓலை. மூன்று ஞாயிறு வாசிப்பார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்கவும் என்பார்கள், நீ சிறு வயதிலிருந்து கேட்டதுதான். "சூசைமாணிக்கம், செல்வமேரி இவர்களின் மகன் ஜூட், ஐ.பி.ஏ." என்று நம் பங்குக் கோயிலிலும் சங்ககிரிப் பங்குக் கோயிலிலும் வாசித்தார்கள். நான்தான் எழுதிக்கொடுத்தேன். பூசை முடிந்து மாதா கெபிப் பக்கம் வந்தால், அக்சிலியாவின் மருமகன் கலையரசன், பெங்களூரில் வேலை பார்க்கிறவன், என் தோளைத் தொட்டு, "மாமா, ஐ.பி.ஏ.ன்னா என்னன்னு ஜூட் சொன்னானுங்களா?" என்றான். "இன்டர்நேஷனல் போலீஸ் அட்மினிஸ்ட்ரேஷன்" என்றேன். விரிவாக்கம் என்னுடையதுதான், நீ தராததால் நானே செய்துகொண்டது. அவன் போனை நீட்டினான். இந்தியா பேல் ஏல் என்று இருந்தது. இந்தியா என்று ஆரம்பித்ததால் ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். நடுவில் இருக்கிற வார்த்தையை வாய்விட்டுப் படித்ததும் பக்கத்தில் நின்ற கன்னியாஸ்திரி திரும்பிப் பார்த்தார். மாதா கெபி முன்னால் நின்று சொல்கிற வார்த்தையா அது? கீழே நுரையோடு ஒரு கிளாஸ் படம். "பீருங்க மாமா" என்றான் கலையரசன்.

வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டேன். கத்தி நிற்கவில்லை. "ஆமா, பீருதான். அவனே ஊட்டுல காய்ச்சறான். எனக்கு மொதல்லயே தெரியும்" என்றாள். "ஏண்டி சொல்லல?" என்றால், "நீங்க எங்க கேட்டீங்க? நீங்கதான் எல்லாருக்கும் சொல்லிக்கிட்டே இருந்தீங்க" என்கிறாள். சித்ரா யார் என்றேன். அது சித்ரா இல்லையாம், சிட்ராவாம். கொடியில் பூக்கிற பச்சைப் பூவாம், ஹாப்ஸ் என்று பெயராம், ஆரஞ்சுத் தோல் வாசம் அடிக்குமாம். மொசைக் அதன் இன்னொரு ஜாதியாம். நான் ஒன்பது செவ்வாய்க்கிழமை ஒரு பூவுக்கு மாப்பிள்ளை தேடியிருக்கிறேன்!

அதோடு விட்டாளா? உனக்கு அந்த ஐ.பி.ஏ. ஏன் இரண்டு தடவை தோற்றது என்பதையும் எனக்கு விளக்கினாள். கசப்பு வருகிறது, வாசம் வரவில்லை என்று நீ அழுதாயாம். எப்போது போடுகிறாய் என்று கேட்டாளாம். கொதி வந்ததும் மொத்தத்தையும் போட்டு ஒரு மணி நேரம் என்றாயாம். "அட கூறு கெட்டவனே, கொத்தமல்லித் தழையை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டா ரசத்துல என்ன இருக்கும்? வாசமெல்லாம் ஓட்டு மேல போயிரும், கசப்புதான் சட்டியில நிக்கும். கசப்புக்குன்னு ஒரு சிட்டிகை மொதல்ல போடு. மிச்சத்தை அடுப்பை அணைச்சு, சூடு தணிஞ்சதும் போட்டு மூடிவை. புளிச்சு அடங்குனப்புறம் பச்சையா இன்னொரு பிடி போடு, நாலு நாள் ஊறட்டும்" என்று சொன்னாளாம். கிறிஸ்துமசுக்குத் திராட்சை ரசம் போடுகிற வீட்டில் பிறந்தவள், அவளுக்கு இதெல்லாம் ஒரு பேச்சா? ஆக, மூன்று ஜட்ஜும் பரிசு கொடுத்தது நம் வீட்டு மிளகு ரசத்துக்கு. அதற்கு நான் திருப்பலி எழுதிவைத்திருக்கிறேன்.

பங்குச் சாமியிடம் ஓடினேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முட்டி போட்டு எல்லாம் சொன்னேன். உள்ளேயிருந்து வெகுநேரம் இருமல் சத்தம் மட்டும் வந்தது. அது இருமல்தானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பிறகு, "பீர் கல்யாணத்துக்குத் தடை இல்லீங்க சூசைமாணிக்கம். ஆனா பொண்ணு வீட்டுக்கு உண்மை தெரியாம ரெண்டாவது ஓலை வாசிக்க மாட்டேன்" என்றார். இரண்டாவது ஓலை நாளை மறுநாள். ஐந்து நாளாக ஆண்ட்ரூசின் நம்பரை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். என்னவென்று ஆரம்பிப்பேன்? இந்தக் கல்யாணம் நின்றால் உனக்கு அங்கே ஒரு வார வருத்தம். எனக்கு இங்கே ஆயுசுக்கும் பக்கத்து வாசல்தான்.

எனக்கு உன்மேல் கோபம் நீ பீர் காய்ச்சுகிறாய் என்பதில் இல்லை. நம் ஊரில் செய்தால் போலீஸ் வரும், அங்கே வராது என்று உன் அம்மா சொன்னாள், சரி. "அப்பா, நான் இதைச் செய்யறேன்" என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! எல்லாம் அம்மாவிடம்தான். என்னிடம் பேசினால், "சாப்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா", அவ்வளவுதான். ஐந்து வருஷம் கழித்து ஒரு மாதம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று நினைத்தால் இப்போது அழுகைதான் வருகிறது.

ஆகவே இதைப் படித்ததும் நீ வீட்டில் வைத்திருக்கும் அந்தச் சரக்கு முழுவதையும் கீழே கொட்ட வேண்டும். நாளைக்குள் ஆண்ட்ரூசுக்குப் போன் போட்டு உன் வாயால் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். அதோடு, இன்றைக்கே உட்கார்ந்து, மூன்றெழுத்தில் ஏதாவது ஒரு பரீட்சை, எந்தப் பரீட்சையாக இருந்தாலும் சரி, அதற்குப் பணம் கட்டிப் படிக்க ஆரம்பிக்க வேண்டும். நான் ஊருக்குச் சொன்னது கல்யாணத்துக்குள் பாதியாவது நிஜமாக வேண்டும். இதில் எது தவறினாலும் நீ என் பிள்ளை இல்லை என்று எழுத நினைத்தேன், ஞானஸ்நானப் புத்தகத்தில் பெயர் இருப்பதால் எழுதவில்லை.

குளிரில் கம்பளி போட்டுக்கொள். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்குப் போகாதே. ஆண்டவரும் அன்னையும் உன்னைக் காக்கட்டும், நான் கோபத்தில் இருப்பதால் அவர்கள் சற்று அதிகமாகவே பார்த்துக்கொள்ளட்டும். அக்சிலியா அத்தை விசாரித்தாள். உன் அம்மா விசாரித்தாளா என்று தெரியவில்லை, பேச்சு இல்லை.

இப்படிக்கு,
மனம் நொந்த உன் அப்பா,
சூசைமாணிக்கம்

பி.கு.: மேலே உள்ளதை மடித்து உறையில் போடும்போது வாசலில் ஸ்கூட்டிச் சத்தம். நான்சி. சாப்பாட்டு நேரத்தில் ஹெல்மெட்டோடு உள்ளே வந்து நின்றாள். "மாமா, எங்க பங்குச் சாமிகிட்ட ஓலையை நிறுத்தச் சொல்லி நேத்து எழுதிக் குடுத்துட்டனுங்க. உங்க மூஞ்சியைப் பாத்துச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள். எனக்கு நாற்காலி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. பீர் விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் சொல்கிறாள்: "அவரு பேசுனது எனக்குப் புடிச்சிருந்துச்சுங்க. ஐ.பி.ஏ.ன்னு அப்பா சொன்னப்ப ஏதோ படிப்புன்னு விட்டுட்டேன். போன ஞாயித்துக்கெழமை ஓலையில வாசிச்சாங்க பாருங்க, திங்கக்கெழமை விடியறதுக்குள்ள லாரிக்காரங்க நாலு பேரு கேஸ் பேப்பரோட ஊட்டு வாசல்ல நிக்கறாங்க. போலீஸ் அம்மான்னு கூப்பிடறாங்க. எங்க சித்தி ஒரு ஆபீசரைக் கட்டிக்கிட்டு இருவது வருசத்துல பதினோரு ஊரு போனாங்க, எந்த ஊருலயும் ஒரு வேலையில நெலைக்க முடியல. எனக்கு ஆபீசர் ஊட்டுக்காரரு வேண்டாங்க மாமா. என்னால முடியாது."

உன் அம்மாதான் என் கையிலிருந்த உறையைப் பிடுங்கி அவளிடம் கொடுத்தாள். நின்றபடியே கடைசிப் பக்கம் வரை படித்தாள். மெழுகுவர்த்தி வந்த இடத்தில் சிரிப்புத் தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத்தை, அப்ப அவரு ஆபீசரே இல்லீங்களா? நெசமாவே இல்லீங்களா?" என்று கேட்டாள். "சத்தியமா இல்ல சாமி" என்றாள் உன் அம்மா. அரை நாள் லீவு போட்டுவிட்டு, அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கச் சங்ககிரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். அவங்க அப்பாவிடமும் அவளே பேசிக்கொள்கிறாளாம்.

ஆகவே மேலே எழுதிய எதையும் செய்யாதே. சரக்கைக் கொட்டாதே. ஆண்ட்ரூசுக்குப் போன் போடாதே. கை கூப்பிக் கேட்கிறேன் சாமி, கல்யாணம் முடிகிற வரைக்கும் தப்பித்தவறிக்கூட எந்தப் பரீட்சையும் எழுதிப் பாஸாகித் தொலைக்காதே.