பெல்ட் என் வீட்டில், ஹேண்டில் அண்ணன் வீட்டில்

ரிஷிவந்தியம் பக்கம்,
செப்டம்பர் 1987

அன்புமிக்க மாப்பிள்ளை வக்கீல் தீனதயாளன் அவர்களுக்கு, மாமன் தனசேகரன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். கரும்புதான் சௌக்கியமாக இல்லை. அங்கே உளுந்தூர்பேட்டையில் நீங்களும் மகள் செந்தமிழ்ச்செல்வியும் சௌக்கியமாக இருக்க அய்யனாரை வேண்டுகிறேன்.

மாப்பிள்ளை, எனக்கு ஒன்றுமே புரியவில்லை. பொதுக் கிணற்றில் தண்ணீர் இறங்கிப்போய் ஒருநாளைக்கு ஒரு கழனிக்குத்தான் எட்டுகிறது. முதலில் பாய்ச்சுவது நானா, என் பெரியப்பா மகன் தெய்வசிகாமணி அண்ணனா என்பதுதானே சண்டை? "கேஸ் போட்டு அவரைத் தடுத்துடலாம் மாமா" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். போட்டோம். தீர்ப்பு வரும்வரை இரண்டு பேருமே கிணற்றின் பொது டீசல் இன்ஜினைத் தொடக்கூடாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. கேஸ் போட்டவனையும் சேர்த்தா தடுப்பார்கள்? "இது நமக்குப் பாதி வெற்றி" என்கிறீர்கள். மீதிப் பாதி அண்ணனுக்கு வெற்றி என்று அவர் வக்கீல் சொல்கிறாராம். அப்புறம் தோற்றது யார் மாப்பிள்ளை? அவர் திருட்டுத்தனமாக இறைத்துவிடுவார் என்று நான் இன்ஜின் பெல்ட்டைக் கழற்றி வீட்டில் வைத்தேன். நான் இறைத்துவிடுவேன் என்று அவர் ஹேண்டிலைத் தூக்கிப் போய்விட்டார். இரண்டு கழனியிலும் கரும்பு காய்கிறது. வயிறு எரிகிறது.

நேற்று வாய்தாவுக்குக் கள்ளக்குறிச்சி போனேன். இட ஒதுக்கீடு கேட்டு மறியல், ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். நீங்களும் வரவில்லை, அவர் வக்கீலும் வரவில்லை. நானும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வேறு தேதி போட்டார்கள். திரும்பிவர பஸ் இல்லை, நடைதான். ரோட்டுக்கு அந்த ஓரம் அவர், இந்த ஓரம் நான். குறுக்கே கிடந்த புளியமரத்தைத் தாண்டும்போது கிளையில் என் வேட்டி மாட்டிக்கொண்டது. அண்ணன்தான் வந்து எடுத்துவிட்டார்.

"இன்னாடா, சாப்ட்டியா?"

"இல்லண்ணா."

கட்டுச்சோற்றை அவிழ்த்தார். தின்னும்போது, "கரும்பு இன்னா ஆச்சு?" என்றார்.

"காஞ்சிக்கினு இருக்குதுண்ணா."

"எங்குளுதும் அப்படித்தான். ஏண்டா, ரெண்டு பேரும் சேர்ந்து தடைய மீறினா எவன் போய் கோர்ட்ல சொல்லப்போறான்?"

அடடா, இது உங்கள் சட்டப் புத்தகத்தில் இல்லையே மாப்பிள்ளை! டீசல் யார் வாங்குவது, வாய்க்கால் யார் வெட்டுவது, இன்ஜின் கொட்டகைக்கு யார் கீற்றுப் போடுவது, எல்லாம் நடந்துகொண்டே பேசி முடித்துவிட்டோம். வீட்டில் சொன்னதும், "இத முன்னாடியே பேசித் தொலைச்சா இன்னா?" என்று உங்கள் அத்தை அழுதே விட்டாள். நாளை விடிந்ததும் அவர் ஹேண்டிலோடு வருகிறார், நான் பெல்ட்டோடு போகிறேன். ஆகையால் கேஸை உடனே வாபஸ் வாங்கிவிடுங்கள். கோர்ட்டு வாசலே இனி நமக்கு வேண்டாம்.

நீங்கள் இருவரும் குறைவில்லாமல் பல்லாண்டு வாழ்க.

இப்படிக்கு,
அன்பு மாமன்,
தனசேகரன்

பி.கு.: தபால் ஓடவில்லை, அதனால் இதையும் சேர்த்து எழுதுகிறேன். காலையில் பெல்ட்டை மாட்டினோம், ஹேண்டிலைச் சுற்றினோம், தண்ணீர் கொட்டியது. வாய்க்கால் பிரிகிற இடத்தில் இரண்டு பேரும் மண்வெட்டியோடு வந்து நின்றோம். முதல் தண்ணீர் யாருக்கு என்பதை மட்டும் வழியில் பேச மறந்துவிட்டோம். "நான் பெரியவன்டா" என்றார். "நான் வாதி" என்றேன். இப்போது பெல்ட் என் வீட்டில், ஹேண்டில் அவர் வீட்டில். கேஸை வாபஸ் வாங்காதீர்கள். அடுத்த வாய்தாவுக்கு எப்படியாவது வந்துசேருங்கள். பஸ் ஓடாவிட்டால் நானும் அண்ணனும் சேர்ந்தே நடந்து வந்துவிடுவோம். இந்தத் தடவை கட்டுச்சோறு எங்கள் வீட்டு முறை. அதில் எங்களுக்குள் ஒரு தகராறும் இல்லை.