சம்பந்தியம்மா பெயரில் ஒரு பூச்சி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் நலம். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் தாங்கள் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் முதல் வேண்டுகோள். சம்பந்தியம்மா பக்கத்தில் இருந்தால் மொட்டை மாடிக்குப் போய்ப் படிக்கவும்.

தங்கள் மூத்த மகள் வீட்டுக்குத் தாங்கள் இருவரும் கிளம்புவதற்கு முன் பூந்தொட்டியால் வந்த சண்டை நினைவிருக்கும். இலையெல்லாம் யாரோ வெள்ளைப் பேனாவால் கிறுக்கியது போலிருக்கிறது என்று சம்பந்தியம்மா மருந்தடிக்கப் போனதும், என் மகள், அதாவது தங்கள் மருமகள், "அது இலைக்குள்ள புழு குடைஞ்ச வழி" என்று குறுக்கே பாய்ந்து தொட்டியைக் கட்டிக்கொண்டதும், "நான் முக்கியமா, புழு முக்கியமா?" என்று அவர்கள் கேட்டதும், இவள் உடனே பதில் சொல்லாமல் யோசித்ததும்... அந்த யோசனைக்காக இன்றும் தலைகுனிகிறேன். பூச்சி ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறவளுக்கு அதெல்லாம் பிடிபடாது சம்பந்தி. தாங்கள் போன கையோடு அந்த இலைகளைப் பறித்துத் தங்கள் மாத்திரை டப்பாவில் போட்டுப் புழு வளர்த்திருக்கிறாள் (மன்னிக்கவும், புது டப்பா வாங்கி வைத்துவிட்டேன்). ஒருநாள் அதிலிருந்து நொய்யரிசி அளவுக்கு நாலைந்து அந்துப்பூச்சிகள் வெளியே வந்தன. சாம்பல் நிறம், இறக்கை நுனியில் தங்கம் பூசியது போல் ஒரு கோடு. மாப்பிள்ளை தும்மியதில் இரண்டு பறந்துபோய், புருஷனும் பெண்டாட்டியும் கூடம் முழுக்கத் தவழ்ந்து தேடியிருக்கிறார்கள். மிச்சத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், உலகத்தில் இதுவரை யாருமே பதிவு செய்யாத இனமாம்! எந்த உறுப்பை வைத்து இனம் பிரிக்கிறார்கள் என்றும் மகள் விளக்கினாள். அதைச் சம்பந்திக்கு எழுதும் துணிச்சல் எனக்கு இல்லை.

புது இனம்னா பேர் வைக்கணுமில்லையா? இங்கேதான் வந்தது வினை. "அத்தை பேரை வெச்சுட்டேம்ப்பா"ன்னு போன்ல குதிக்கிறா. சம்பந்தியம்மா பெயருக்குப் பின்னால் லத்தீனில் ஒரு வால். "அடிப்பாவி, பூச்சிக்கா?"ன்னேன். "எவ்வளவு அழகு தெரியுமாப்பா! எங்க துறையில இதைவிடப் பெரிய மரியாதையே கிடையாது"ங்கறா. சரி, மரியாதைன்னே வெச்சுக்குவோம். ஆனால் ஆராய்ச்சி இதழில் அச்சில் வந்த வர்ணனையை வாசித்துக் காட்டினாள் பாருங்கள்: தலை பரட்டை, நிறம் மங்கல், வாய் இருந்தும் பயன்படாது. சம்பந்தி, இது முழுக்க முழுக்கப் பூச்சியைப் பற்றியது. வேறு யாரையும் குறிப்பது அல்ல. வாய் விஷயம் ஒன்றே போதும், தாங்களே சாட்சி சொல்வீர்கள்.

ஆகவே, அவர்கள் சாப்பிட்டு மனம் குளிர்ந்திருக்கும் வேளை பார்த்து, பக்குவமாக எடுத்துச் சொல்லவும். 'பூச்சி' என்ற சொல் கடைசியில் வந்தால் போதும். சின்னஞ்சிறுசுகள் சந்தோஷமா இருக்குதுங்க, அது கெட்டுடக் கூடாது. அங்குள்ள அனைவருக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் பதில் வரும்வரை சாப்பாடு இறங்காத
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது சம்பந்தியம்மாவே போன் செய்தார்கள். மருமகள் அவங்களைக் கேட்டுட்டுத்தான் பேரே வெச்சாளாம்! தங்களிடம் சொல்லாததற்குக் காரணம், தாங்கள் சிரிப்பீர்களாம். "என் பேரு உலகம் பூரா போகுது, நீங்க ஒரு வாழ்த்து சொன்னீங்களா?"ன்னு என்னைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார்கள். எனவே மேலே எழுதியதைப் படிக்காமல் கிழித்துவிடவும். இப்போது சிக்கல் இங்கே. பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்ட என் வீட்டுக்காரி, "பெத்தவ பேருக்கு ஒரு கொசு கூடவா கிடைக்கலை?" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். தாங்கள் சொன்னால் மருமகள் கேட்பாள். அடுத்த இனம் எதுவானாலும் சரி. சம்பந்தியம்மாவுடையதைவிட ஒரு நூலளவு பெரியதாக இருந்தால் போதும்.